எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாத இடம்

நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் அளந்துவிட ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார்; அடக்க நீதிபதியும் இருக்கிறார். வானொலி நிலையத்தில் இருவருமே கிடையாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் அந்த இடத்தை ஒரு விதி ஓரளவு நிரப்பியது. சர்ச்சைக்குரிய விஷயத்தை ஒலிபரப்பினால் மாற்றுக் கருத்துக்கும் இடம் தரவேண்டும் என்ற 1949-ஆம் ஆண்டு விதி அது. 1987 ஆகஸ்டில் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. அவர் போட்ட பாதையில் சட்டம் படித்தவர்கள் பலரும் மைக்கைத் தேடி வந்தார்கள்.

அவர்களில் மூவரை இங்கே ஒப்பிடுகிறேன்: மார்க் லெவின், ஹியூ ஹியூயிட், மைக்கேல் ஸ்மெர்கானிஷ். மூவருமே குடியரசுக் கட்சி ஆட்சிகளில் பதவி வகித்தவர்கள். லெவினும் ஹியூயிட்டும் ரேகன் காலத்தவர்கள். ஸ்மெர்கானிஷ் மூத்த புஷ் காலத்தில் வீட்டுவசதித் துறையில் இருந்தவர். படித்த சட்டம் ஒன்றுதான். அதிலிருந்து மைக்குக்கு எதை எடுத்து வந்தார்கள் என்பதில்தான் மூவரும் பிரிகிறார்கள்.

லெவின் எடுத்து வந்தது இறுதி வாதம். பிலடெல்பியாவில் பிறந்து, அங்குள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980-இல் சட்டம் முடித்து, ரேகனின் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸுக்குத் தலைமை உதவியாளராக இருந்தவர். லிம்பா நிகழ்ச்சியில் சட்ட விளக்கம் சொல்பவராக அறிமுகமாகி, 2002-இல் நியூயார்க்கின் டபிள்யூஏபிசி நிலையத்தில் தன் நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஏதோ ஒரு கட்டடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பதுங்கு அறையிலிருந்து தலைவர் பேசுவதாக ஓர் அறிவிப்பு முழங்கும். பிறகு இடி. மறுத்துப் பேசும் நேயருக்கு முட்டாள் பட்டம் கிடைக்கும். ஃபோனை வைக்கச் சொல்லி விரட்டுவார். அரசியல் சட்டத்தை உண்மையிலேயே கரைத்துக் குடித்தவர், அதை மறுப்பதற்கில்லை. 2009-இல் அவர் எழுதிய நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆனால் அவர் வாதாடுவது ஏற்கெனவே தீர்ப்பை எழுதி வைத்துவிட்ட ஜூரியின், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழுவின், முன்னால். அங்கே திறமைக்கு வேலை குறைவு, தொண்டைக்கு அதிகம்.

ஹியூயிட் கொண்டு வந்தது குறுக்கு விசாரணை. ஹார்வர்டில் பட்டமும் மிச்சிகனில் சட்டமும் படித்தவர், நிக்சனின் எழுத்து வேலைக்கு உதவியவர், கலிஃபோர்னியாவில் நிக்சன் நூலகம் கட்டப்பட்டபோது அதன் பொறுப்பில் இருந்தவர், சட்டப் பேராசிரியர். தன் நிகழ்ச்சிக்கு வரும் பத்திரிகையாளர்களிடம் 1948-இல் உளவுக் குற்றச்சாட்டுக்கு ஆளான முன்னாள் அமெரிக்க வெளியுறவு அதிகாரி ஆல்ஜர் ஹிஸ் சோவியத் உளவாளியா என்று கேட்பது அவர் வழக்கம். பழைய கதையாகத் தோன்றும். வந்தவர் எவ்வளவு படித்திருக்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

இந்த முறையின் பலம் 2015 செப்டம்பரில் டிரம்ப்பிடம் வெளிப்பட்டது. ஈரானின் ஜெனரல் சுலைமானியைத் தெரியுமா என்றார் ஹியூயிட். தெரியும் என்றார் டிரம்ப். உடனேயே, கொஞ்சம் எடுத்துக்கொடுங்கள் என்றார். ஈரான் புரட்சிக் காவல் படையின் வெளிநாட்டுப் பிரிவான குத்ஸ் படைக்குத் தலைவர் என்று ஹியூயிட் சொல்ல, குர்துகளுக்கு நாம் அநியாயம் செய்துவிட்டோம் என்று டிரம்ப் பேச ஆரம்பித்தார். குர்துகள் இல்லை, குத்ஸ் என்று குரலை உயர்த்தாமல் திருத்தினார் ஹியூயிட். கூச்சல் இல்லை, ஏளனம் இல்லை, சொந்தக் கட்சிக்காரர் என்ற சலுகையும் இல்லை. மறுநாள் டிரம்ப் அவரை மூன்றாந்தர வானொலி அறிவிப்பாளர் என்றார். நல்ல குறுக்கு விசாரணைக்கு இதைவிடச் சிறந்த நற்சான்றிதழ் கிடையாது.

ஸ்மெர்கானிஷ் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் பீஸ்லியின் அலுவலகத்தில் வழக்காடியவர். (லெவின் படித்த சட்டக் கல்லூரிக்கு இன்று அந்த பீஸ்லியின் பெயர்தான். ஊர் சிறியது போலும்!) விசாரணை வக்கீலுக்கு முதல் பாடம் ஜூரியின் முகத்தைப் படிப்பது. இவர் எடுத்து வந்தது அதைத்தான்: தினம் ஒரு கேள்வியை வாக்கெடுப்புக்கு விடுவார், ஒத்துப்போகாத நேயரையும் பேசவிடுவார். 2008-இல் ஒபாமாவை ஆதரித்தார். 2009 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையிலிருந்தே ஒபாமாவோடு நேரலை நடத்தினார். 2010-இல் குடியரசுக் கட்சிப் பதிவை விட்டார்.

அதற்கு விலை உண்டு. விளம்பரத்தை நம்பும் நிலையம் காலையிலிருந்து இரவு வரை ஒரே சுருதியை விரும்புகிறது. டபிள்யூஏபிசியில் அன்று லிம்பா, அவருக்குப் பின் இன்னொரு வலதுசாரிப் பேச்சாளர் ஷான் ஹானிட்டி, அவருக்குப் பின் லெவின் என்று இருந்ததால் நேயர் வானொலியின் திருகைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. நடுவில் இரண்டு பக்கமும் பேசும் ஒருவர் வந்தால் சுருதி கெடும். ஸ்மெர்கானிஷ் 2013-இல் சந்தா கட்டிக் கேட்கும் சிரியஸ்எக்ஸ்எம் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. சில நாட்களில் எல்லாத் தரப்பையும் கேட்ட பிறகு அவர் என்ன நினைக்கிறார் என்பதே பிடிபடாது. ஜூரியையே பார்த்துக்கொண்டிருந்தால் வாதம் நழுவிவிடும்.

2016 இம்மூவரையும் உரசிப் பார்த்த ஆண்டு. ஏப்ரலில் டிரம்ப்புக்கு ஒருபோதும் வாக்களிக்க மாட்டேன் என்ற லெவின், செப்டம்பரில் வாக்களிப்பேன் என்றார். கட்சி வேட்பாளரை மாற்றவேண்டும் என்று ஜூனில் சொன்ன ஹியூயிட்டும் பிறகு டிரம்ப் பக்கமே வந்து சேர்ந்தார். கட்சியை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே விட்ட ஸ்மெர்கானிஷுக்குத் திரும்பி நடக்க வேண்டிய தூரம் இல்லை.

நேர்மைக்கு மதிப்பெண் போட்டால் ஸ்மெர்கானிஷ் முந்துவார். காதுக்கு விருந்து என்றால் என் ஓட்டு ஹியூயிட்டுக்கு, அதுவும் எதிரே ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்லும்வரைதான். விருந்தாளி போனதும் அவர் தனியாகப் பேச ஆரம்பித்தால் வானொலியை அணைத்துவிடுவேன்.