ரெண்டு நாட்டு யூனிவர்சிட்டி சேர்ந்து நடத்துற ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் மாஸ்டர்ஸ் – முடிச்சுட்டு வந்த ஒருத்தியோட ரிவ்யூ

இந்த கோர்ஸ் எப்படி, சேரலாமா வேணாமான்னு நிறைய பேர் தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டு முடியல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். ரெண்டு யூனிவர்சிட்டி பேரையும் சொல்ல மாட்டேன், ஏன்னா நடுவுல குறையும் சொல்லப் போறேன். பேர் தெரியாட்டியும் பரவால்ல, இந்த மாதிரி கூட்டு ப்ரோக்ராம் எதுல சேர்றதா இருந்தாலும் இதுல பாதிக்கு மேல உங்களுக்கும் பொருந்தும்.

ரெண்டு வருஷம், 4 செமஸ்டர், 120 இசிடிஎஸ் க்ரெடிட் (ஐரோப்பால படிப்போட அளவைக் கணக்குப் பண்ற முறை). முதல் செமஸ்டர் நம்ம யூனிவர்சிட்டி, ரெண்டாவது அங்க, அதாவது ஐரோப்பால இருக்கற யூனிவர்சிட்டில, மூணாவது திரும்ப இங்க ஆனா பாதி கிளாஸ் ரெண்டு பக்க வாத்தியாரும் ஆன்லைன்ல சேர்ந்து எடுக்கறது, நாலாவது தீசிஸ், அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கைட்.

நான் எங்க இருந்து வந்தேன்னு சொன்னாதான் இந்த கோர்ஸ் எனக்கு என்ன பண்ணுச்சுன்னு புரியும். யூஜில நான் படிச்சதும் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்தான். மசில் பேர் எல்லாம் மனப்பாடம், விஓ2 மேக்ஸ்னா (உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கும்ங்கற அளவு) என்னன்னு அஞ்சு மார்க்குக்கு எழுதுவேன், படம் வரைஞ்சு பாகம் குறிப்பேன். லேப்ல ட்ரெட்மில் இருந்துச்சு, துணி போட்டு மூடி இருக்கும், இன்ஸ்பெக்ஷனுக்கு யாராவது வந்தா துணியை எடுப்பாங்க. மூணு வருஷத்துல ஒரு ஆளையாவது ஓட விட்டு மூச்சுக்காத்த அளந்து பாத்ததே இல்ல. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணேன், ஆனா ஒரு கோச் வந்து “எங்க பசங்களுக்கு டெஸ்ட் எடுத்து குடும்மா”ன்னு கேட்டா கை நடுங்கி இருக்கும்.

இந்த கோர்ஸ்ல எனக்கு நிஜமா கண்ணைத் தொறந்தது ஒரு சாதாரண ஜம்ப் டெஸ்ட். முதல் செமஸ்டர்ல ரெண்டு பக்கத்து பசங்களுக்கும் ஒரே அசைன்மெண்ட், கவுண்டர் மூவ்மெண்ட் ஜம்ப், அதாவது நின்ன இடத்துல இருந்து சட்டுனு முட்டி மடக்கி நேரா மேல குதிக்கறது, அதை உங்க ஊர் அத்லெட்டுகளை வெச்சு அளந்து டேட்டாவை ஒரே ஷீட்ல போடுங்கன்னு சொன்னாங்க. போட்டோம். எங்க பக்கம் சராசரி 38 சென்டிமீட்டர், அவங்க பக்கம் 32. நம்ம பசங்க அவங்களை விட ஆறு சென்டிமீட்டர் ஜாஸ்தி குதிக்கறாங்கன்னு எங்களுக்கு ஒரே சந்தோஷம், ரிப்போர்ட்ல காரணம் கூட எழுதிட்டோம்.

அந்தப் பக்கத்து மேடம் நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. “குதிக்கறப்ப எடுத்த வீடியோ இருக்கா, அனுப்புங்க”ன்னாங்க. அனுப்பினோம். ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டாங்க. அவங்க பசங்க இடுப்புல கை வெச்சுட்டு குதிக்கறாங்க, நம்ம பசங்க கையை வீசிட்டு குதிக்கறாங்க. கை வீசினாலே சில சென்டிமீட்டர் கூடிடும். அது பத்தாதுன்னு நாங்க யூஸ் பண்ணது டைமிங் மேட், அது கால் தரையை விட்டுப் போற நேரத்துல இருந்து திரும்ப தொடற நேரம் வரைக்கும் எவ்வளவுன்னு பாத்து அதுல இருந்து உயரத்தைக் கணக்குப் போடும். நேரத்தை நேரத்தாலயே பெருக்கி, 9.81ஆல பெருக்கி, 8ஆல வகுக்கணும். 0.50 செகண்டுன்னா 30.7 சென்டிமீட்டர், அதுவே 0.52 ஆனா 33.2. கவனிச்சீங்களா, வெறும் 0.02 செகண்டுக்கு ரெண்டரை சென்டிமீட்டர். எங்க பசங்கள்ல பாதி பேர் இறங்கறப்ப முட்டியை மடக்கிட்டே இறங்கினாங்க, அப்போ கால் தரையைத் தொட லேட் ஆகும், மேட் அதையும் பறந்த நேரம்னு சேர்த்துக்கும். அவங்க வெச்சிருந்தது ஃபோர்ஸ் பிளேட், செகண்டுக்கு 1000 தடவை பாதம் தரையை அழுத்தற விசையைப் பதிவு பண்ணி, கிளம்பற வேகத்துல இருந்து உயரத்தை எடுக்கறது, அதுக்கு எப்படி இறங்கறோம்ங்கறது கணக்கே இல்ல.

24 அத்லெட்டுகளையும் திரும்ப கூப்பிட்டு, கையை இடுப்புல வெச்சு, காலை நீட்டி இறங்கச் சொல்லி, மூணு மூணு தடவை குதிக்க வெச்சு எடுத்தோம். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள்ள வந்துருச்சு. எழுதி வெச்சிருந்த காரணம் எல்லாம் அப்படியே அழிச்சேன். யூஜி மூணு வருஷத்துல எந்த புக்கும் சொல்லித் தராததை அந்த ஒரு வீடியோ சொல்லிக் குடுத்துருச்சு, அதுவும் எதிர் பக்கம் இன்னொரு லேப் இருந்ததாலதான். தனியா இருந்திருந்தா அந்த 38 சரின்னே காலம் பூரா நம்பி இருப்பேன்.

நம்பரை கம்பேர் பண்ண இன்னொருத்தர் இருக்கணும், இந்த கூட்டு கோர்ஸோட மொத்த மதிப்பும் அதுல இருக்குன்னு நான் நம்பறேன். விமான டிக்கெட், ரெண்டு லோகோ போட்ட சர்டிபிகேட் எல்லாம் அப்புறம்.

ஸ்கின்ஃபோல்டும் அப்படித்தான். தோலைக் கிள்ளிப் பிடிச்சு கேலிப்பரால கொழுப்பு அளக்கறது. உடம்பு அளவெடுக்கற முறைக்கான ஐசாக்ங்கற சர்வதேச அமைப்பு 1986ல ஆரம்பிச்சது, அவங்க முறைதான் ரெண்டு பக்கமும். உடம்பு வலது பக்கம், எட்டு இடம், முதல்ல பேனாவால மார்க் பண்ணணும், விரல் பிடிச்ச இடத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி கேலிப்பர் வைக்கணும், வெச்சு ரெண்டு செகண்ட் கழிச்சு ரீடிங் பாக்கணும். அவசரப்பட்டு உடனே பாத்தா ஜாஸ்தி காட்டும், ரொம்ப நேரம் விட்டா அமுங்கி கம்மி ஆகும். ஒரே ஆளை மறுபடி அளந்து ரெண்டு ரீடிங்குக்கும் நடுவுல என் கைத் தப்பு எத்தனை சதவீதம்னு நானே கணக்குப் போட்டு காட்டணும், அது ஒரு லெவலுக்குக் கீழ வர்ற வரைக்கும் ப்ராக்டிகல்ல பாஸ் கிடையாது. எனக்கு தொடையில மட்டும் வரவே இல்ல, மூணு வாரம் ஆச்சு.

இன்னொரு விஷயம், இது அவங்க நமக்கு சொல்லித் தர்றாங்க நாம கேட்டுக்கறோம்ங்கற மாதிரி இருந்திருந்தா நான் பாதியில வந்திருப்பேன். இந்த சப்ஜெக்டே ஒரு நாட்டு சொத்து கிடையாது பாருங்க. முப்பது செகண்ட் சைக்கிள் மிதிக்கற விங்கேட் டெஸ்ட் இஸ்ரேல்ல 1970கள்ல வந்தது, பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி 20 மீட்டரை ஓடி ஓடித் திரும்பற பீப் டெஸ்ட் கனடால லூக் லெஜே பண்ணது, 20 செகண்ட் வேலை 10 செகண்ட் ரெஸ்ட்னு மாத்தி மாத்திப் பண்ற டபாட்டா ட்ரெயினிங் ஜப்பான், எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு 6ல இருந்து 20 வரைக்கும் சொல்ற போர்க் ஸ்கேல் ஸ்வீடன். ரெண்டாவது செமஸ்டர்ல வெயில்ல ட்ரெயினிங் பண்றது பத்தி ஒரு மாட்யூல் வந்துச்சு, அது நம்ம பக்க சார் எடுத்தது. அவங்க பசங்க அதுவரைக்கும் குளுகுளு லேப்ல எடுத்த டேட்டாவை வெச்சே ப்ளான் போட்டுட்டு இருந்தாங்க. சார் ஈரப்பதம், வெயில் சூடு, காத்து சூடு மூணையும் சேர்த்துப் பாக்கற டபிள்யூபிஜிடி கணக்கை கிரவுண்ட்ல நிக்க வெச்சே சொல்லிக் குடுத்தார், அதுல 70 சதவீதம் வெயிட்டேஜ் ஈரத் துணி சுத்தின தெர்மாமீட்டருக்குன்னு தெரிஞ்சதும் அந்தப் பசங்களுக்கு ஆச்சரியம். வெறும் டெம்பரேச்சர் பாத்து ப்ராக்டிஸ் வைக்கக் கூடாது, வேர்வை காயலன்னா உடம்பு ஆறாதுன்னு அன்னைக்குதான் அவங்களுக்கு உறைச்சது. அடுத்த வருஷம் அந்த மாட்யூலை அவங்க சிலபஸ்லயே நிரந்தரமா சேர்த்துட்டாங்க.

போர்க் ஸ்கேல்ல ஒரு சின்ன அனுபவம். 13ன்னா ‘கொஞ்சம் கஷ்டம்’, 15ன்னா ‘கஷ்டம்’. அதை தமிழ்ல சொல்லி ஒரு பொண்ணை ஓட விட்டேன், மூச்சு வாங்குது, முகம் செவந்துருச்சு, “கொஞ்சம்தான் கஷ்டம்க்கா”ன்னு 13லயே நிக்கறா, ஹார்ட் ரேட் 180. கஷ்டம்னு ஒத்துக்கறது தோத்துப் போறதுன்னு நினைச்சிருக்கா. வார்த்தையை மாத்தினா மட்டும் பத்தாது, ஸ்கேலோட ரெண்டு முனையும் எப்படி இருக்கும்னு முதல்ல அனுபவிக்க வெச்சு அப்புறம் கேக்கணும்னு அப்பதான் புரிஞ்சுது. என் தீசிஸே இதுல இருந்துதான் வந்தது.

இப்ப குறைக்கு வர்றேன், இதைப் படிக்காம சேராதீங்க.

க்ரெடிட். அங்க 6 க்ரெடிட்டுக்கு படிச்ச பயோமெக்கானிக்ஸ் இங்க வந்ததும் 4ன்னு போட்டுட்டாங்க. காரணம், இசிடிஎஸ்ல ஒரு க்ரெடிட்னா 25ல இருந்து 30 மணி நேர உழைப்பு, அதுல வீட்ல படிக்கறது, ரிப்போர்ட் எழுதறது எல்லாம் சேர்த்தி, நம்ம ஆபீஸ்ல கிளாஸ்ல உக்காந்த நேரத்தை மட்டும் எண்ணினாங்க. குறைஞ்ச 2 க்ரெடிட்டுக்கு நான் இங்க இன்னொரு பேப்பர் எழுத வேண்டி வந்துச்சு, ஏற்கனவே படிச்ச அதே பாடம். மூணாவது செமஸ்டர் முழுக்க இதுக்கே அலைஞ்சேன். 1997 லிஸ்பன் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, கவுன்சில் ஆஃப் யூரோப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து போட்டது, அதுல சேர்ந்த நாடுகள்ல, பெரிய வித்தியாசம் இருக்குன்னு காட்ட முடிஞ்சா மட்டும்தான் வெளியில படிச்சதை நிராகரிக்கலாம், காட்ட வேண்டிய பொறுப்பும் ஆபீஸோடது, ஸ்டூடண்டோடது இல்ல. அந்த நினைப்பு ரெண்டு பக்க கிளார்க் வரைக்கும் போய்ச் சேராம எவ்வளவு நல்ல சிலபஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல, அனுபவிக்கறது ஸ்டூடண்ட்தான். ரொம்ப வருத்தமா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

மெஷின் விஷயமும் சொல்லணும். ப்ராஜெக்ட் பணத்துல நம்ம லேப்புக்கு மூச்சுக்காத்து அனலைசர் வந்துச்சு. அதை ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாடியும் அளவு தெரிஞ்ச கேஸ் வெச்சும் 3 லிட்டர் சிரிஞ்ச் வெச்சும் சரி பார்க்கணும். ரெண்டாவது வருஷம் கேஸ் சிலிண்டர் தீந்து போச்சு, ஆக்சிஜன் சென்சாரும் ஆயுள் முடிஞ்சுது, வாங்க பட்ஜெட் தலைப்பே இல்ல, ஏன்னா மெஷின் வாங்கத்தான் பணம் ஒதுக்கி இருந்தாங்க, நடத்தறதுக்கு இல்ல. நாலு மாசம் மெஷின் சும்மா நின்னுச்சு. பழைய ட்ரெட்மில் ஞாபகம் வந்து எனக்கு வயிறு கலங்கிருச்சு.

ஆளுங்களை வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கான எத்திக்ஸ் அனுமதி ரெண்டு பக்கமும் தனித்தனியா வாங்கணும், ஐரோப்பா பக்கம் 2018ல இருந்து ஜிடிபிஆர்ங்கற தனிப்பட்ட டேட்டா பாதுகாப்பு சட்டம் இருக்கறதால ஹெல்த் டேட்டா பகிர்றதுக்கு தனி ஒப்பந்தம் வேற, தீசிஸ் பண்றவங்க ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. விசிட்டிங் ஃபேகல்ட்டி ஒரு வாரம் வந்து ஸ்லைடு போட்டுட்டு போறது அவ்வளவா உதவல, ரெண்டு பக்க சாரும் ஒரே அசைன்மெண்டைத் திருத்தி மார்க் ஏன் வித்தியாசமா வருதுன்னு எங்க முன்னாடியே பேசினாங்க பாருங்க, அதுதான் உதவுச்சு.

மார்க் போடணும்னா லேப், ப்ராக்டிகல் எல்லாத்துக்கும் 5க்கு 5, ஆபீஸ் வேலைக்கு 2, மொத்தத்துல 4. சேர்றவங்க அட்மிஷனுக்கு முன்னாடியே மெயில் போட்டு மூணு கேள்வி கேளுங்க: எந்த பேப்பர் எந்த பேப்பருக்கு ஈடுன்னு டேபிள் எழுத்துல இருக்கா, அங்க என்னென்ன பேப்பர் படிக்கப் போறீங்கன்னு எழுதற லர்னிங் அக்ரிமெண்ட்ல நீங்க, ரெண்டு யூனிவர்சிட்டி மூணு பேர் கையெழுத்தும் கிளம்பறதுக்கு முன்னாடியே ஆகிடுமா, மெஷினுக்கு வருஷா வருஷம் பராமரிப்பு பணம் யார் தர்றாங்க. அங்க போய் ஒரு பேப்பரை மாத்தினாலும் திரும்ப மூணு கையெழுத்தும் வாங்கிடுங்க, ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு யார் சொன்னாலும் விடாதீங்க.

போன வாரம் இப்ப படிக்கற ஜூனியர் பொண்ணு ஒரு வீடியோ அனுப்பி இருந்தா, ஒரு பையன் இடுப்புல கை வெச்சு குதிக்கறான். கீழ ஒரே வரி: “அக்கா, இறங்கறப்ப முட்டி மடங்குதா பாருங்க, எனக்கு லேசா மடங்கற மாதிரி இருக்கு.” ஸ்லோ பண்ணிப் பாத்தேன். மடங்குச்சு. திரும்ப எடுக்கச் சொல்லிட்டேன்.