யூனோஸ் ரோட்ஸ்டர்: 11 வருஷம் ஓட்டினேன், 4 மாதம் விற்றேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரண்டே சீட்டும் துணிக் கூரையும் உள்ள காடி வைத்திருப்பது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். என்னுடையது 1990 யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானுக்கு வெளியே மஸ்டா எம்எக்ஸ்-5 என்பார்கள். போன மாதம் கைமாறியது.

ஓட்டும் சுகத்துக்குக் குறையே இல்லை. எடை ஒரு டன்னுக்கும் கீழே, பின்சக்கர இழுவை. 1.6 லிட்டர் இன்ஜின் என்பதால் ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 90 வெள்ளிதான். ஆனால் முன்னால் செம்பனை லோரி போனால் கூரையைத் திறக்கவே கூடாது. குலையிலிருந்து உதிரும் பழம் நேராக மடியில் விழும்.

பெரிய எதிரி மழை. கூரையில் வழியும் தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அதில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்கு அடியிலுள்ள தகட்டுக்குள் தேங்கி, உள்ளிருந்தே துரு ஏறும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். விரலால் அழுத்தினால் பொரித்த அப்பளம். எனக்கு இது தெரிய நாலு வருஷம் ஆனது. இந்தக் காடிக்கு பேட்டரி பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்குள் (boot) இருக்கும். காசை மிச்சம் பிடிக்க சாதாரண பேட்டரி போட்டேன். ஆவி வெளியேறக் குழாய் இல்லாததால் பூட்டின் தரையையும் அரித்துவிட்டது. முழுக்க என் தப்பு.

விற்க நினைத்தபோது முதலில் மெழுகு போட்டு மினுக்கிய படங்களைத்தான் போட்டேன். விலை 48,000 வெள்ளி. போன் ஓயவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் முன்விளக்கு எழும்புவதை வீடியோ எடுக்கத்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டு மண்டோர் மாமா விலையைக் கேட்டுவிட்டு, "ஏன்டா தம்பி, இதுக்குப் புது மைவி காடியே வாங்கலாமே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து விளம்பரத்தை மாற்றினேன். துருப்பிடித்த இடம், பூட்டின் தரை, பழுத்து மங்கிய பின் பிளாஸ்டிக் ஜன்னல் எல்லாவற்றையும் முதல் படங்களாக வைத்தேன். போன் குறைந்தது. ஆனால் அப்புறம் வந்த மூன்று பேரும் விஷயம் தெரிந்தவர்கள். தைப்பிங்கிலிருந்து வந்த தம்பி பாக்கெட்டில் காந்தம் கொண்டுவந்திருந்தான். துருவை மறைக்கப் பூச்சு அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கி ஈரம் பார்த்தான். 43,500-க்கு முடிந்தது. இவ்வளவு பழைய காடிக்கு வங்கிக் கடனை நம்ப முடியாது, ரொக்கம்தான்.

பெயர் மாற்றத்துக்காகக் காடியைப் பார்க்கும் பி5 சோதனையில் முதல் தடவை தவறிவிட்டேன். முன் கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடு வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும், என்னுடையது கும்மிருட்டு. வீட்டில் தங்கச்சியின் ஹேர் டிரையரால் சூடாக்கி கண்ணாடியில் ஒட்டியிருந்த டின்ட் தாளை உரித்துவிட்டு, மறுபடி போய்த் தேறினேன். விற்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சாவி கொடுக்கும்போது தம்பி கேட்டான், "அண்ணே, அந்தத் தண்ணி வடியுற ஓட்டையை எதை வச்சுக் குத்துவீங்க?" புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, கிராண்ட்டோடு (காடியின் பதிவுப் பத்திரம்) சேர்த்துக் கொடுத்தேன். கம்பியால் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும்.