அந்தக் கைத்தட்டல்

சார்ஜிங் போர்ட் மாற்றக் கொடுத்திருந்த இரண்டு டேப்லெட்டுகள் நேற்றுத்தான் திரும்பி வந்தன. அன்றைக்கே வேறொரு பள்ளியில் வேலை பார்க்கும் தோழியின் போன். "எங்க பள்ளியிலும் வாங்கப் போறாங்க. உண்மையைச் சொல்லு, பிரயோஜனம் இருக்கா?" பேசினால் பாதியில் எரிச்சல் வந்துவிடும், எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

மூன்றாம் வகுப்பு, 32 பிள்ளைகள், 8 டேப்லெட்டுகள், 4 வருடங்கள். கருவியின் விவரங்கள் அவளுக்கே தெரியும்.

முதல் வருடம் சொதப்பியது நான்தான். 'பார்த்துக் கற்பவர்', 'கேட்டுக் கற்பவர்' என்று வகுப்பைப் பிரித்து, இவர்களுக்கு வீடியோ, அவர்களுக்கு ஆடியோ என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பிரிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-லேயே எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது ஆண்டுத் தேர்வே முடிந்திருந்தது. அப்புறம்தான் யாருக்கு எது தெரியும், யார் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒருத்திக்கு 1/4-ஐ விட 1/8 பெரிது. எட்டு பெரிய எண்ணாயிற்றே! திரையில் ஒரு பட்டையை விரலால் நான்காக வெட்டினாள், பிறகு எட்டாக. "அய்யோ, சின்னதாப் போச்சே!" நான் மூன்று நாள் கரும்பலகையில் போட்டுக் காட்டியும் ஏறாதது அது.

வீடியோவில் ஒன்று கவனிக்க வேண்டும். படமும் ஓடி, குரலும் பேசி, அதே வாக்கியங்கள் திரையிலும் வந்தால் பிள்ளைகள் திணறுகிறார்கள். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும், பாடமொழிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கும் எழுத்து வேண்டும், மற்றவர்களுக்கு அணைத்துவிடுகிறேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் குரல்பதிவு. மூன்று வரிக்கு மேல் எழுதாத பையன் ஒருவன், நீர்ச் சுழற்சியைப் பேசிப் பதிவு செய்தான். கேட்டான், அழித்தான், மறுபடி பேசினான். ஏழாவது தடவை திருப்தி. "ஆவியாப் போச்சுன்னா காணாமப் போகலை மிஸ், மேலதான் இருக்கு, நமக்குத் தெரியலை." எழுதச் சொல்லியிருந்தால் 'நீர் ஆவியாகும்' என்று முடித்திருப்பான். அவனுக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். நாங்கள் பயன்படுத்தும் பயிற்சிச் செயலியில் ஒரு நிலை முடிந்ததும் கைத்தட்டல் கேட்கும். அரங்கமே எழுந்து தட்டுவது போல. வேகமான பிள்ளைக்கு ஒரு பீரியடில் ஐந்து தடவை, மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியக்கூடாதென்று நிறங்களின் பெயர் வைத்திருந்தேன். ஒரு வாரத்தில், "பச்சைன்னா ஈசி, அவனுக்குக் கைதட்டலே வராது" என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெட்போன் மாட்டலாமே என்பாய். அதன் பிளக் சற்று நழுவினால் போதும், ஸ்பீக்கரில் ஊரைக் கூட்டும். ஒலியை அணைத்தால், கேள்வியை வாசித்துக் காட்டும் குரலும் சேர்ந்து போகிறது. அந்தக் குரல் தேவைப்படுவதே பச்சைக் குழுவுக்குத்தான்! தயாரித்தவர்களுக்கு மூன்று முறை எழுதினேன். நன்றி சொன்னார்கள். அடுத்த அப்டேட்டில் கைத்தட்டலோடு எக்காளமும் வந்தது.

நியாயமாகப் பார்த்தால், ஒரே மணி நேரத்தில் நான்கு விதமாகப் பாடம் நடத்த இவ்வளவு உதவியாக வேறெதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், வாங்காதே என்பேன். குரல் பதிவு செய்ய ஒரு பழைய போன் போதும், பட்டை வெட்ட ஒரு காகிதம் போதும்.

கோபம் இன்றைக்குக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழுதுக்குப் போன இரண்டில் ஒன்றில் ஸ்பீக்கர் செத்து ஒரு வருடமாகிறது. ஹெட்போனில் மட்டும் கேட்கும், பிளக் நழுவினாலும் சத்தம் வராது. பச்சைக் குழுவுக்கென்றே அதை வைத்திருந்தேன். பழுது பார்த்தவர் நல்ல மனதோடு, நான் கேட்காமலேயே, அதையும் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்.