புறக்கோட்டையில் வாங்கும் 4051: நாலு சனலுக்கு நல்லது, எட்டுக்கு வேண்டாம்

வோல்ட்டை எண்ணாக மாற்றும் வேகமான ஏடிசி ஒன்றுக்கு முன்னால் பல சென்சர்களை மாற்றி மாற்றி இணைக்க வேண்டும் என்று கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தயங்காமல் எடுத்து நீட்டுவது 74எச்சி4051 ஐசியாகத்தான் இருக்கும். எட்டுச் சனல், அதாவது எட்டு உள்ளீடு, 16 கால், விலையும் மலிவு. நான் கொட்டாஞ்சேனையில் அளவுக் கருவிகள் திருத்துகிறவன். மோட்டார் பேரிங் தேயும் சத்தத்தைப் பிடிக்கிற பியசோ சென்சர்களுக்காக இதை ஏடி9226 ஏடிசியுடன் சேர்த்துப் பாவித்து வருகிறேன். நல்ல ஐசி, ஆனால் எட்டுச் சனல் என்று நம்பி வாங்காதீர்கள். நாலு சனல் என்று நினைத்து வாங்கினால் மனம் நோகாது.

கால்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. தெரிவான சனலை ஏடிசிக்குக் கொண்டுபோகும் பொதுக் கால் 3ஆவது. அதற்கு இரு பக்கமும் 2ஆம் காலில் சனல் 6, 4ஆம் காலில் சனல் 7. இந்த இரண்டும் அணைந்திருந்தாலும் பொதுக் காலுக்குப் பக்கத்திலேயே நின்று தங்கள் சமிக்ஞையை அதற்குள் தள்ளிக்கொண்டிருக்கும். மறுபக்கம் இன்னும் மோசம். சனலைத் தெரிவு செய்கிற டிஜிட்டல் கோடுகளில் ஒன்று 11ஆம் காலுக்கு வருகிறது, 12ஆம் காலில் இருப்பது சனல் 3. அந்தக் கோடு மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த டிஜிட்டல் விளிம்பு சனல் 3இல் ஒரு முள்ளாகத் தெரியும்.

அதனால் நான் சனல் 0, 2, 4, 5 ஆகிய நாலை மட்டும் எடுக்கிறேன். அவை 13, 15, 1, 5ஆம் கால்கள். சனல் 1, 3, 6, 7 நாலையும், அதாவது 14, 12, 2, 4ஆம் கால்களை, ஐசிக்குக் கீழேயே கிரவுண்டில் சோல்டர் பண்ணிவிடுகிறேன். எப்போதும் இயங்கட்டும் என்று, ஐசியை இயக்கி அணைக்கிற 6ஆம் காலும் கிரவுண்டுக்கே போகிறது. இப்போது காலுக்குக் கால் பாருங்கள்: பாவிக்கிற எந்தச் சனலுக்கும் பக்கத்தில் இன்னொரு சனல் இல்லை, கிரவுண்ட் அல்லது சப்ளைதான். பொதுக் காலுக்கும் இரு பக்கமும் கிரவுண்ட். ஐசியை வடிவமைத்தவர்களே நாலு சனலுக்காக இப்படி யோசித்து வைத்தார்களோ என்று தோன்றுமளவுக்கு அழகாக விழுகிறது. 0.65 மில்லிமீற்றர் இடைவெளியில் கால்கள் உள்ள சின்ன டிஎஸ்எஸ்ஓபி பக்கேஜிலும் இதே அடுக்குதான். உடம்பு 5 மில்லிமீற்றர் நீளம், 4.4 அகலம். சர்க்கிட் போட்டில் இடம் மிச்சம்.

இதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. ஒரு சனலில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது, முந்தைய சனலின் வோல்ட் பொதுக் காலின் கொள்ளளவத்தில் தங்கி அடுத்த அளவீட்டில் கலந்துவிடும். பலர் இதையும் பக்கத்துச் சனலின் கசிவு என்று நினைத்துக் கம்பிகளை நகர்த்திப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு கணம் கிரவுண்ட் சனலைத் தெரிவு செய்தால் அந்த மிச்சம் வடிந்துவிடும். சமிக்ஞை கிரவுண்டை மையமாகக் கொண்டு மேலும் கீழும் போகிறதென்றால் 7ஆம் காலுக்கு எதிர் (மைனஸ்) வோல்ட் கொடுக்க வேண்டும். 7க்கும் சப்ளைக் காலான 16க்கும் இடையில் மொத்தம் 10 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

இனிக் கணக்கு. 12 பிட் ஏடிசியில் ஒரு படி 4096இல் ஒரு பங்கு, அதாவது முழு அளவுக்கு 72 டெசிபெல் கீழே. அணைந்த சனலில் இருந்து பொதுக் காலுக்கு அரை பிக்கோபரட் கொள்ளளவம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாஹேட்ஸில் அது 318 கிலோஓம். சென்சரின் மின்தடை 1 கிலோஓம் என்றால் கசிவு ஏறத்தாழ 50 டெசிபெல் கீழேதான், அதாவது 13 படி! சென்சருக்கும் ஐசிக்கும் நடுவில் ஒப்-அம்ப் என்ற பெருக்கி ஐசி வைத்து அதை 50 ஓமுக்கு இறக்கினால், ஐசியின் சொந்தத் தடை 70 ஓம் அளவு சேர்ந்து 120 ஓம். கசிவு ஒன்றரைப் படியாகிவிடும். மீடிறன் பத்து மடங்கானால் இரண்டுமே 20 டெசிபெல் கெட்டுப்போகும். ஒப்-அம்ப்புக்குச் செலவழிக்க மனமில்லாதவர் இந்த ஐசியைக் குறை சொல்வது நியாயமில்லை.

வேகத்துக்கும் இதே தடைதான் எல்லை. பொதுக் காலில் எல்லாம் சேர்த்து 60 பிக்கோபரட் என்று எடுத்தால், 120 ஓமுடன் நேர மாறிலி 7 நனோசெக்கன். 12 பிட்டின் அரைப் படிக்குள் வந்து நிற்க அதைப் போல் ஒன்பது மடங்கு வேண்டும், சுமார் 65 நனோசெக்கன். ஏடி9226 முழு வேகத்தில், செக்கனுக்கு 65 மில்லியன், ஓடினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நாலைந்து மாதிரிகளை வீச வேண்டிவரும். ஒரு சனலில் கொஞ்ச நேரம் நின்று அளக்கிற என் வேலைக்கு அது பொருட்டே இல்லை. மாதிரிக்கு மாதிரி சனல் மாற்றுகிறவருக்கு இந்த ஐசி சரிவராது.

அப்படியானவர்கள் ஏடிஜி704ஐ வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பது நல்லது. நாலு சனல், 10 கால், தடை 2.5 ஓம். ஆனால் தடையைக் குறைக்க உள்ளே டிரான்சிஸ்டர்களைப் பெரிதாக்க வேண்டும், பெரிதானால் கொள்ளளவமும் கூடும், ஆகவே டேட்டாஷீட்டில் தடையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். நூற்றுக்கணக்கான மெகாஹேட்ஸ் வேண்டுமென்றால் ஏடிஜி904 இருக்கிறது. 2.5 கிகாஹேட்ஸ் வரை போகும், 1 கிகாஹேட்ஸில் 37 டெசிபெல் பிரிப்பு. அதற்குப் போட் வரைவதே தனி வேலை.

வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். பழைய சிடி4051இன் மேல் எச்சி என்று அச்சடித்து வருவதும் உண்டு. 5 வோல்ட் கொடுத்து, ஒரு சனலைத் திறந்து, மல்டிமீட்டரால் அதன் காலுக்கும் பொதுக் காலுக்கும் இடையில் ஓம் பாருங்கள். நூறு அளவில் நின்றால் எச்சி. பழையதென்றால் 5 வோல்ட்டில் சாதாரணமாக 470 ஓம் அளவு காட்டும், 1,000 வரைக்கும் போகலாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.