பட்டறை ஆட்கள் தொடங்கிய கிளப்: மான்செஸ்டரில் ஒரு வரலாற்று நடை

பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பட்டறையில், முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, “மாமா, ஓல்ட் டிராஃபோர்டு ஸ்டேடியம் டூருக்கு டிக்கெட் போடட்டுமா?” என்று மருமகன் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கோப்பைகளைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. அது மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் மைதானம். அதனால் அந்த கிளப்பின் கதையைச் சொல்லி அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தனியாக நடத்தும் வரலாற்று நடைக்குப் பேரனோடு போனேன். மொத்தம் ஏழு பேர், நாலு மணி நேரம், ஆளுக்கு 20 பவுண்ட்.

நியூட்டன் ஹீத்தில் டிராமை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தோம். அந்தப் பக்கம் ரயில் டிப்போ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1878-ல் மான்செஸ்டர் யுனைடெட்டைத் தொடங்கியவர்கள், லங்காஷயர் அண்டு யார்க்ஷயர் ரயில்வேயின் ‘கேரேஜ் அண்டு வேகன்’ பிரிவுத் தொழிலாளர்கள். கைடு இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வொர்க்ஸிலும் அதே பெயர்தான். அப்போது கிளப்பின் பெயர் நியூட்டன் ஹீத். ஜெர்சி சிவப்பு இல்லை, பச்சையும் தங்க நிறமும். முதலில் மற்ற ரயில்வே பிரிவுகளோடுதான் ஆடியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பெயிண்ட் ஷாப்புக்கும் வீல் ஷாப்புக்கும் மேட்ச் வைத்தால் சம்பள நாளைவிடக் கூட்டம் சேரும். அதனால் எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அவர்களுடைய முதல் மைதானமான நார்த் ரோட்டில் இப்போது பார்க்க ஒன்றும் கிடையாது. அங்கேதான் கைடு தன் திறமையைக் காட்டினார். அந்தக் காலத்தில் மைதானத்தில் உடை மாற்ற இடமில்லை. ஓல்டம் சாலையிலிருந்த ‘த்ரீ கிரவுன்ஸ்’ என்ற பப்பில் மாற்றிக்கொண்டு அரை மைல் நடந்து வரவேண்டும். எங்களையும் அதே சாலையில் நடக்க வைத்தார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. தூறல் வேறு. மேட்சுக்கு முன்னாலேயே கால் ஓய்ந்திருக்குமே என்று பேரன் கேட்டான். அதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டினார்.

குறை என்றால் அந்த நாய்க் கதைதான். 1902-ல் கிளப்புக்கு 2,670 பவுண்ட் கடன், மூடும் நிலை. கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டு உள்ளூர்த் தொழிலதிபர்கள் நாலு பேரைப் பிடித்து, தலா 500 பவுண்ட் போடச் சம்மதிக்க வைத்தார். அவர்களில் ஒருவர் ஜான் ஹென்றி டேவிஸ், பீர் ஆலை முதலாளி. ஸ்டாஃபோர்டின் செயின்ட் பெர்னார்டு நாய், கழுத்தில் உண்டியலோடு காணாமல்போய் டேவிஸிடம் சேர்ந்ததாம், அதுதான் அறிமுகமாம். நல்ல கதைதான். ஆனால் இருபத்தைந்து நிமிடமா? அந்த ஏப்ரலில் பெயர் மான்செஸ்டர் யுனைடெட் என்று மாறியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்புறம் கிளேட்டன். 1893 முதல் 1910 வரை கிளப் ஆடிய பேங்க் ஸ்ட்ரீட் மைதானம், இன்று சைக்கிள் பந்தய அரங்கின் கார் பார்க்கிங். நினைவுக்கு ஒரு வீட்டுச் சுவரில் பலகை மட்டும். தலையை நிமிர்த்தினால் பக்கத்திலேயே அதே ஊரின் எதிரி கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் பிரம்மாண்ட ஸ்டேடியம்! எங்கள் குழுவில் மனைவிக்காக வந்திருந்த சிட்டி ரசிகர் ஒருவர், அதுவரை கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர், இங்கே முன்னால் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்தபடியே கைடு அடுத்த கதையை எடுத்தார். 1941 மார்ச்சில் ஜெர்மானியக் குண்டு விழுந்து ஓல்ட் டிராஃபோர்டு சிதைந்தபோது, 1949 வரை யுனைடெட் ஆடியது சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில்தான். எதிரி வீட்டில் எட்டு வருடக் குடித்தனம். சிட்டிக்காரர், “வாடகை பாக்கி இருக்கிறதா பாருங்கள்” என்றார்.

கடைசியில் டிராம் ஏறி ஓல்ட் டிராஃபோர்டு. 1910 பிப்ரவரி 19-ல் இங்கே நடந்த முதல் ஆட்டத்தில் லிவர்பூலிடம் 4–3 என்று தோற்றார்கள். அதை ஏதோ நேற்று தோற்றதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். பிறகு விமான விபத்தின் நினைவாக அங்கே இருக்கும் மியூனிக் கடிகாரத்தின் கீழே நின்றோம். 1958 பிப்ரவரி 6, பெல்கிரேடிலிருந்து திரும்பும் வழியில் மியூனிக்கில் யுனைடெட் அணியின் விமானம் மூன்றாம் முறை எழும்ப முயன்று ஓடுபாதை தாண்டி மோதியது. இறந்தவர் 23 பேர், அதில் வீரர்கள் எட்டு. டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் போராடி இறந்தார், வயது 21. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னவர், அதற்குமேல் கதை எதுவும் சேர்க்கவில்லை. நாய்க்கு அத்தனை நேரம் பேசியவர்தானா இவர் என்று தோன்றியது.

அதன்பின் வண்டி வேகம் பிடித்துவிட்டது. அந்த விபத்தில் உயிர்தப்பிய மேனேஜர் மேட் பஸ்பியின் அணி 1968-ல் போர்ச்சுகலின் பென்ஃபிகாவை 4–1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை வாங்கியது இரண்டு நிமிடம், பின்னாள் மேனேஜர் ஃபெர்குசனின் 13 லீக் பட்டங்கள் ஐந்து நிமிடம். 1999 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடக் கோல்களுக்காகவே வந்த பேரனுக்கு முகம் வாடிவிட்டது. “அதெல்லாம் போனிலேயே இருக்கிறது தம்பி” என்கிற தோரணையில் கைடு தோளைத் தட்டினார்.

நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன், பேரன் இரண்டரை. வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க: முதல் இரண்டு மணி நேரத்தில் கழிப்பறைக்கு நிறுத்தமே கிடையாது. கிளம்புமுன் டீ குடிக்காதீர்கள், குடையை மறக்காதீர்கள்.