உக்ரைன் அகதிகளின் வேலைக்கு பிரிட்டனின் ஷேர் கோட் சேவை: எங்கே உதவுகிறது, எங்கே மாட்டுகிறது

உக்ரைன் அகதிகளுக்குப் பிரிட்டனில் இருப்பவர்கள் தங்க இடம் கொடுக்கும் ஹோம்ஸ் ஃபார் உக்ரைன் திட்டத்தில் வந்தவர்களுக்கு வேலை செய்யும் உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு. 2024 பிப்ரவரியில் மூடப்பட்ட, பிரிட்டனில் உறவினர் இருப்பவர்களுக்கான உக்ரைன் குடும்பத் திட்டத்தில் வந்தவர்களுக்கும் அப்படியே. அந்த உரிமையை முதலாளிக்குக் காட்டுவது எப்படி என்பதில்தான் சிக்கல். 2022 ஏப்ரல் 6 முதல் பிஆர்பி எனும் குடியிருப்பு அனுமதி அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர முடியாது. 2024 டிசம்பர் 31ஓடு பெரும்பாலான அட்டைகளே காலாவதியாகிவிட்டன. மிச்சமிருப்பது இணையக் கணக்கில் இருக்கும் மின்னணு விசாவான இ-விசாவும், முதலாளி அதைச் சரிபார்க்க அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஷேர் கோடும். இங்கே விசாவில் இருக்கும் தமிழர்கள் பலர் பயன்படுத்துவதும் இதே சேவையைத்தான்.

எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. அரசுத் தளத்தில் வேலை உரிமையை நிரூபிக்கும் பக்கத்துக்குப் போய், பாஸ்போர்ட் எண்ணையோ பிஆர்பி எண்ணையோ பிறந்த தேதியோடு கொடுக்க வேண்டும். கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைப் போட்டு உள்ளே நுழைந்ததும், காரணமாக ‘வேலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்பது எழுத்துக் கோடு வரும். அது டபிள்யூ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆர் என்றால் வீட்டு வாடகைக்கு, எஸ் என்றால் மற்ற காரியங்களுக்கு. அவற்றை முதலாளியிடம் கொடுத்துப் பயனில்லை. கோடு 90 நாள் செல்லும், கட்டணம் கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் புதிதாக எடுக்கலாம். இந்தப் பகுதிக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்.

மாட்டுவது உள்ளே நுழையும் இடத்தில். 2022இல் விசா விண்ணப்பத்தை வேறு யாராவது நிரப்பிக் கொடுத்து, அவர்களுடைய மின்னஞ்சலையே போட்டிருந்தால் குறியீடு இன்றைக்கும் அவர்களுக்குத்தான் போகும். உக்ரைன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு அந்த சிம்மைக் கைவிட்டவர்களுக்கும் இதே கதி. இரண்டில் ஒன்று கையில் இருக்கும்போதே கணக்கில் போய் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் போய்விட்டால் மீட்புப் படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும். வேலைக்கு அழைத்தவர் அதுவரை காத்திருப்பாரா என்பது வேறு விஷயம். புதுப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் தகராறு. காலாவதியான பிஆர்பியைத் தூக்கி எறியாதீர்கள், அந்த எண் இன்னும் தேவைப்படலாம்.

அடுத்த குறை, நீட்டிப்பு. மூன்றாண்டு அனுமதி முடிபவர்களுக்காக 2025 பிப்ரவரி 4 அன்று திறந்த நீட்டிப்புத் திட்டம் கொடுத்தது 18 மாதம். கட்டணம் இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் கடைசி 28 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம் என்று தொடக்கத்தில் வைத்த விதி, ஆளையும் முதலாளியையும் சேர்த்துப் பதற வைத்தது. பழைய அனுமதி முடியும் முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை வேலை உரிமை தொடரும். ஆனால் இ-விசாவில் பழைய தேதியே தெரிந்தால் மனிதவளத் துறை பயந்துவிடும். அப்போது முதலாளி செய்ய வேண்டியது பணியாளரின் உரிமையை முதலாளிகள் சரிபார்க்க உள்துறை நடத்தும் சேவையில் கேட்பது. உரிமை உறுதியானால் ஆறு மாதம் செல்லும் கடிதம் வரும். பணியாளர் இதைத் தானே கேட்டு வாங்க முடியாது. முதலாளிக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாவிட்டால் வேலை போய்விடும். சேவையின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

முதலாளிகளின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரி 13 முதல், உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் தடவையே 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி என்றால் 60,000 வரை. கடை, உணவகம் நடத்தும் நம்மவர்கள் கவனிக்க: பணியாளர் தன் கைபேசியில் இ-விசாவைத் திறந்து காட்டினால் அது சோதனை ஆகாது. முதலாளிகளுக்கான தனிப் பக்கத்தில் கோடையும் பிறந்த தேதியையும் நீங்களே போட்டு, வரும் படத்தை நேரிலோ நேரலை வீடியோவிலோ ஆளோடு ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தைச் சேமிக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு வைத்திருங்கள். அனுமதி தேதி முடியும் முன் மறுபடி ஒரு சோதனை.

தகவல் விஷயத்தில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். வந்திறங்குபவர்களுக்கான வரவேற்பு வழிகாட்டியை உக்ரைனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் போட்டவர்கள், கோடு எடுக்கும் பக்கத்தை ஆங்கிலத்தில் விட்டுவிட்டார்கள். படிப்புச் சான்றிதழின் மதிப்பைப் பற்றியும் இந்தக் கோடு எதுவும் சொல்லாது. அதற்குத் தனியாக, வெளிநாட்டுப் படிப்பைப் பிரிட்டன் படிப்போடு ஒப்பிடும் அமைப்பான யூகே எனிக்கிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். மருத்துவராகப் பதிய அதுவும் போதாது, ஆங்கிலத் தேர்வும், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வும் பெரும்பாலும் எழுதியாக வேண்டும்.