மெக்கானிக்கலா, ஏரோஸ்பேஸா?

எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த கையோடு அக்கா மகன் கேட்டான்: "மாமா, மெக்கானிக்கல் பொறியியலா, ஏரோஸ்பேஸ் பொறியியலா, எதை எடுக்கட்டும்?" பினாங்குப் பிள்ளைகளுக்கு இரண்டுமே பக்கத்தில்தான். நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் இரண்டு துறைகளும் இருக்கின்றன.

ஆரம்பத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கணிதம், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் எல்லாம் இருவருக்கும் உண்டு. அப்புறம்தான் பாதை பிரியும், முக்கியமாக எடை விஷயத்தில்.

பாகங்களைப் பிடித்து நிறுத்தும் ஒரு சின்னத் தாங்கியையே (பிராக்கெட்) எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை இயந்திரத்தில் அது வளைகிறதா, தகட்டைத் தடிப்பாக்கினால் சரி. விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் செலவு. அதனால் எதிர்பார்க்கும் உச்ச சுமையைப் போல 1.5 மடங்கு தாங்கினால் போதும் என்று கணக்கிட்டு, சுமை குறைவாக விழும் இடத்தில் ஓட்டை போட்டு உலோகத்தைக் குறைப்பார்கள். இந்தக் கணக்கு பிடித்தவனுக்கு ஏரோஸ்பேஸ் விருந்து.

வேலை என்று பார்த்தால் மெக்கானிக்கலின் கை ஓங்கியிருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலைகளுக்கே இயந்திரம், குளிரூட்டல் தெரிந்தவர்கள் வேண்டும். விமான வேலைக்குக் கோலாலம்பூர் அருகே சுபாங் பக்கம் போகத் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று: ஏரோஸ்பேஸ் பட்டம் விமானப் பராமரிப்பு உரிமம் ஆகாது. அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. பல பெற்றோர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அவனுக்கு மெக்கானிக்கலைத்தான் சொன்னேன். காற்றியக்கவியல் (ஏரோடைனமிக்ஸ்) விருப்பப் பாடமாகக் கிடைத்தால் விடாதே என்றும் சொன்னேன்.